பூநகரியிலிருந்து ஒரு குரல்

கிளிநொச்சியில் ஒரு மருத்துவமனையின் பெண் நோயாளர் விடுதியில் நான் எழுதுவினைஞராகச் சேர்ந்தது மாரி தொடங்கிய நாட்களில். ஓயாத மழை. பகலிலும் விளக்கு எரியும் அந்த நீண்ட விடுதியில், கட்டில்களும் வெள்ளை நுளம்பு வலைகளும் தண்ணீருக்கு அடியில் கிடப்பவை போலத் தெரியும்.

வாசலோரம் என் மேசை. நோயாளிகளின் விவரம் எழுதிய டிக்கெட்டுகளை அடுக்கி வைப்பது, இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கேட்டு வாங்குவது, குணமாகி வீட்டுக்குப் போகிறவர்களுக்குத் துண்டுச்சீட்டு எழுதுவது எல்லாம் மெல்ல மெல்லக் கைக்கு வந்துவிட்டன. தொலைபேசிதான் வரவில்லை. மணி அடித்தால் வேறு யாராவது எடுக்கட்டும் என்று பார்த்திருப்பேன்.

"நோயாளியளின்ர வருத்தத்தைப் பற்றி நீர் ஒண்டும் சொல்லக்கூடாது. டொக்டரோட கதைக்கச் சொல்லும்" என்று விடுதிக்குப் பொறுப்பான தாதி மிஸ்ஸி சொல்லியிருந்தார். அதையே அழைத்த எல்லோருக்கும் ஒப்புவித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பூநகரியிலிருந்து அம்புலன்ஸில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். எலிக்காய்ச்சல். யார் கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. மறுநாள் மத்தியானம் அவருடைய கணவர் அழைத்தார். வெள்ளம் பாதையை மூடியதால் பஸ் இல்லை, வீட்டில் சின்னப் பிள்ளைகள் என்றார்.

"டொக்டரோடதான் கதைக்கோணும், அண்ணை" என்றேன்.

"கதைச்சிட்டன், தங்கச்சி. இது வேற. அவா எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறா?"

 "நில்லுங்கோ, பாத்திட்டு வாறன்" என்று எழுந்து போனேன்.

"யன்னல் பக்கம், அண்ணை."

"அப்ப சரி. வீட்டிலயும் அப்பிடித்தான் படுப்பா." அவர் குரலுக்குப் பின்னால் கடற்காற்று இரைந்தது.

அதன்பின் நாள்தோறும் அழைத்தார். தலை இழுத்துப் பின்னி விட்டவையோ, குளிருக்குப் போர்த்தியிருக்கோ என்று கேட்பார். அவர் அழைக்கும் முன்பே நான் போய்ப் பார்த்து வைப்பேன். மற்றக் கட்டில்களையும் அப்படியே பார்க்கத் தொடங்கினேன். மணிச்சத்தத்துக்கு இருந்த பயம் எப்போது போனதென்று தெரியாது.

ஒருநாள் நான் பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பெண் கண்ணைத் திறந்தார்.

"ஆர் பிள்ளை நீர்?"

"இங்க வேலை செய்யிறன், அக்கா. உங்கட வீட்டுக்காரர் இப்ப போன் எடுப்பார். என்ன சொல்ல?"

மழை இரையும் முகட்டைப் பார்த்தார். பிறகு, "கோழியளை மழைக்கு உள்ளுக்க விட்டவரோ எண்டு கேளும்" என்றார்.

போன் வந்ததும் அவரிடம் அப்படியே கேட்டேன்.  "விட்டனான், தங்கச்சி. விட்டனான் எண்டு சொல்லுங்கோ" என்றார். குரல் உடைந்திருந்தது. மேசையில் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வெள்ளம் வடிந்ததும் அவர் வந்தார். குரலை வைத்து நான் நினைத்ததைவிட மிக மெலிந்த மனிதர். கட்டில் எது என்று கேட்டார். நான் பதில் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்களே, தங்கச்சி, அது?"

"ஓம், அண்ணை."

 கூட்டிக்கொண்டு போனேன். மனைவி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சேட்டுப் பொத்தானை மாறிப் பூட்டியிருக்கிறியள்" என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டத் தொடங்கினார். அவர் சின்னப் பிள்ளைபோலக் குனிந்து நின்றார்.

வீட்டுக்குப் போகிற துண்டை நான்தான் எழுதிக் கொடுத்தேன். யன்னலால் பார்த்தபோது இருவரும் தெருவோரம் பஸ்ஸுக்கு நின்றார்கள். பல நாட்களுக்குப் பிறகு வெயில். ஈரமான தார் வீதியிலிருந்து ஆவி எழும்ப, அவர்கள் நிலத்தில் கால் படாமல் நிற்பதுபோல இருந்தது. பிறகு பஸ் வந்து மறைத்தது.