அறுநூறு கஜத்தில் லைல் பாஸ்கோ

பரிசாக வென்ற பதினொரு தேக்கரண்டிகளில் ஒன்றால்தான் லைல் பாஸ்கோ தினமும் டீ கலக்குகிறான். கரண்டிகள் தவிர, அவன் வென்றவை: உறைய வைத்த ஆட்டுத்தொடை ஒன்று, மின்கெண்டி ஒன்று, கிளப் கேடயத்தில் இரண்டு முறை பெயர். தேனீ கொட்டி இடது கண் வீங்கிக் கிடந்த அன்று முதல் கரண்டி. வடக்கிலிருந்து சிவப்புத் தூசி பறந்து, இருபது பேரில் பதினாலு பேர் மூட்டை கட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்த அன்று ஆட்டுத்தொடை. இரவல் துப்பாக்கியில் மின்கெண்டி. இரண்டாம் முறை கேடயத்தில் பெயர் ஏறிய வருடம் அவனுக்கு விலா எலும்பு ஒன்று முறிந்திருந்தது. யரின்கா ரைபிள் கிளப்பில் வாராவாரம் அதிகப் புள்ளி எடுப்பவருக்கு ஒரு வெள்ளிமுலாம் கரண்டி வழக்கம். மற்றவர்கள் அதை வெல்வெட் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். லைலின் கரண்டிகளில் ஒன்று ஜாம் புட்டியில் நிற்கிறது, இன்னொன்று பெயின்ட் டப்பா திறந்து திறந்து வளைந்துவிட்டது.

“கரண்டின்னா கலக்கத்தான். பொட்டியில வெச்சுக் கும்பிடவா?” என்பான்.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு அவன் வண்டியின் பின்கதவு திறக்கும். முதலில் பாய் வெளியே வரும். கம்பளிப் பொதி கட்டும் சணல் துணியில் அவனே தைத்தது. முழங்கை ஊன்றும் இடத்தில் மட்டும் பழைய டயர் ரப்பர் வைத்திருக்கிறான். அடுத்தது கித்தான் கோட்டு. ஒரு விதவையிடம் வாங்கியது, அவள் கணவர் இவனைவிட இரண்டு சுற்றுப் பெரியவர். அந்தத் தொளதொளப்பை இவன் இடுப்பில் மடித்துத் தைக்காமல் முதுகில் மடித்துத் தைத்தான். குப்புறப் படுக்கிறவனுக்கு வயிற்றுப் பக்கம் மடிப்பு இருக்கக் கூடாதாம். பிறகு கையுறை, தோல் வார், காதுமூடி, தொலைநோக்கி, பத்துக் குழி வெட்டிய தோட்டாக் கட்டை. கடைசியில்தான் துப்பாக்கி. அதன் தோட்டா அறையில், உள்ளே ஒன்றுமில்லை என்று ஊருக்கே காட்டும் ஆரஞ்சு நாடா தொங்கும்.

கிளப்பில் டென்சில் என்றொரு மருந்துக்கடைக்காரர் இருக்கிறார். விலைப்பட்டியலில் வருவதெல்லாம் அவர் பையிலும் வரும். ஒருமுறை அறுபது மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி வாங்கி வந்து லைலைக் கூப்பிட்டுக் காட்டினார்.

லைல் கண்ணை வைத்துப் பார்த்தான். “சூப்பு தெரியுது,” என்றான்.

“என்னது?”

“கானல் கொதிக்கறது மட்டுந்தான் தெரியுது டென்சில். பெருசாத் தெரியறதெல்லாம் நல்லாத் தெரியறதில்ல. இருபத்தஞ்சுக்குக் குறைச்சு வைங்க. கானல் எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரிஞ்சாப் போதும், காத்து அந்தப் பக்கம்.”

“எண்ணூறு டாலர்யா இது!”

“அப்ப எண்ணூறு டாலர் சூப்பு.”

அவனுக்குப் பொருள் தேர்வு என்பது கையும் காதும் செய்யும் வேலை. தோல் வாரைக் காதருகே வைத்து மடக்குவான். கிறீச் என்றால் வேண்டாம், மழை நாளில் நீளும். காதுமூடியை மாட்டிக்கொண்டு கடையிலேயே ஒரு துடைப்பத்தைத் தோளில் அணைத்து, கன்னத்தைச் சாய்த்துப் பார்ப்பான். மூடி தடிமனாக இருந்தால் துப்பாக்கிக் கட்டையில் இடித்து நகரும், உள்ளே சத்தம் புகும். கடைக்காரப் பெண் சிரித்தால் சிரிக்கட்டும். வார் மேல்கையை இறுக்கும் இடத்தில் ஆட்டுரோமத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்திருக்கிறான். “நாடி துப்பாக்கியில ஏறக் கூடாது. ஏறினா நெஞ்சு அடிக்கிற ஒவ்வொரு தடவையும் குறி துள்ளும்,” என்பது அவன் விளக்கம். சுடாத கண்ணை அவன் இறுக்கி மூடுவதில்லை. மூடினால் சுடுகிற கண்ணும் களைத்துப்போகுமாம். பிளாஸ்டிக் பால் கேனில் வெட்டிய வெள்ளைத் துண்டு ஒன்று தொப்பி விளிம்பிலிருந்து அந்தக் கண்ணுக்கு முன்னால் தொங்கும்.

தூரத்துக்கேற்பக் குறிவளையத்தை ஏற்றி இறக்கும் திருகில் நகப்பூச்சுப் புள்ளிகள் உண்டு. முன்னூறு கஜத்துக்குச் சிவப்பு, ஐந்நூறுக்கு ஊதா, அறுநூறுக்குப் பச்சை. பச்சை நகப்பூச்சு கேட்டுப் போனபோது டென்சிலே கல்லாவிலிருந்து எட்டி அவன் நகங்களைப் பார்த்தார். மற்றவர்கள் திருகு எண்களையும் காற்றையும் குறித்து வைக்கும் நோட்டில் லைல் படம் வரைந்திருக்கிறான். மைதானத்துக் கொடிகள் ஐந்தும் அன்றைக்கு எப்படிப் பறந்தனவோ அப்படியே இருக்கும். தொங்கும் கொடி, பாதி எழுந்த கொடி, நுனி மட்டும் துடிக்கும் கொடி. இருபது வருடக் காற்று அதில் இருக்கிறது, ஒரு வார்த்தைகூட இல்லை.

லைலுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண்கள் அவனுக்கு ஆடாமல் அசையாமல் நிற்கும், எழுத்துகள் நிற்காது. எட்டு வயதில் வாத்தியார் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். பதின்மூன்று வயதில் அவனே ஆட்டுமயிர் வெட்டும் கொட்டகைக்குப் போய்விட்டான். இன்றும் அங்கே கம்பளியை அழுத்திப் பொதி கட்டுவதுதான் தொழில். அரசாங்கக் காகிதம் எதுவானாலும் அவன் ஒரு பெருக்கல் குறி போடுவான், பக்கத்தில் அக்கா வெர்னா சாட்சிக் கையெழுத்துப் போடுவாள்.

வெர்னா அவனுக்கு ஆறு வயது மூத்தவள். தானியக் கிடங்கின் எடைமேடையில் முப்பத்தோரு அறுவடைக்கு லாரி எண்களை எழுதியவள், அதில் ஒன்றையும் அடித்துத் திருத்தியதில்லை. சனிக்கிழமைகளில் மடக்கு நாற்காலி போட்டுத் தம்பிக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவாள். சுடுகிறவரின் புள்ளிகளை உடன் சுடுகிறவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது இந்த விளையாட்டின் முறை. லைல் எழுத வேண்டிய முறை வரும்போது, “கண்ணாடிய வீட்டுல வெச்சிட்டேன், வெர்ன் எழுதுவா,” என்பான். அவனிடம் கண்ணாடியே கிடையாது.

“அறுநூறு கஜத்துல ஈ உக்காந்தாத் தெரியுது, மூக்குக்கு முன்னாடி இருக்கற அட்டை தெரியலையா?” என்று யாராவது கேட்பார்கள்.

“ஈ எதுவும் எழுதி வெச்சிருக்காதே,” என்பான்.

அதோடு சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். வெர்னாவுக்கு அந்தச் சொல்லாமை பிடிக்கும். ஆனால் அதே காரணத்தால் தம்பி வேறெந்த ஊர் மைதானத்திலும் சுட்டதில்லை என்பது அவளுக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது. சுடுகிறவர்களில் இரண்டாம் தரமான பி பிரிவில் அவனை ஜெயிக்க அந்தத் தீபகற்பத்தின் எந்த ஊரிலும் ஆளில்லை என்று அவள் கணக்கு. அதை நிரூபிக்க அவன் யரின்காவை விட்டு வெளியே போயாக வேண்டுமே.

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, மைதானத்தில் கிளப் தலைவர் மெர்வ் அவர்களிடம் வந்தார். பூலாரியில் மாவட்டப் போட்டி. நான்கு பேர் இருந்தால்தான் அணி. நான்காமவருக்கு இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை.

“லைல், நாலாவது ஆளு நீதான்.”

“கண்ணாடி...”

“உன் கண்ணாடியப் பத்தி இருபது வருஷமா எனக்குத் தெரியும்டா. நான் கேக்கறது துப்பாக்கிய.”

“நான் கூட வரேன்,” என்றாள் வெர்னா.

மெர்வ் தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றினார். “வரலாம் வெர்னா, வேடிக்கை பாக்கறவங்க கயித்துக்குப் பின்னாடி வரைக்கும். அங்க கூடச் சுடறவங்க மட்டுந்தான் எழுதலாம். முழுப் பேரும் எழுதணும். போன வருஷம் ஒருத்தன் வெறும் இனிஷியல் போட்டு, யாரு எழுதினதுன்னு தகராறாகி, அடிதடி வரைக்கும் போச்சு. இப்ப எழுதினவர் முழுப் பேரு இல்லேன்னா அந்த அட்டை செல்லாது. பெருக்கல் குறியெல்லாம் எடுபடாது.”

லைல் கொடிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். “கிழக்கால திரும்புது,” என்று சொல்லிவிட்டுப் பாயை விரிக்கப் போனான்.

திங்கட்கிழமை மதியம் கறி அடைத்துச் சுட்ட பேஸ்டி சாப்பிட உட்கார்ந்தபோது, “வரேன்னு மெர்வ்கிட்டச் சொல்லிடு,” என்றான்.

“பேரு எழுதணுமேடா.”

“எழுதினாப் போச்சு.”

“எப்படி?”

“பேஸ்டிக்குத் தக்காளி சாஸ் இருக்கா?”

வியாழக்கிழமை வெர்னா கோடு போட்ட நோட்டும் பென்சிலும் எடுத்து மேசையில் வைத்தாள். அவன் அதை மெல்ல அவள் பக்கமே தள்ளினான். “வேணாம் வெர்ன். நீ பக்கத்துல உக்காந்தா நான் எட்டு வயசுப் பயலாயிடுவேன்.” அந்த வாரம் அவன் விரல்களில் பொதிமேல் பெயர் பதிக்கும் கறுப்பு மை வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கொட்டகையில் அவன் எதை எழுதிப் பழகுகிறான் என்று புரிந்து, நோட்டை அலமாரியில் எடுத்து வைத்தாள்.

பூலாரியில் கயிறு சுடும் மேட்டிலிருந்து நாற்பதடி தள்ளிக் கட்டியிருந்தது. வெர்னா அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லைலுக்கு ஜோடியாக அமைந்தவள் ரோஸ்லின் ஹானஃபர்ட் என்ற மாட்டு டாக்டர்.

“நான் ரொம்பப் பேசுவேன், சகிச்சுக்கங்க,” என்றாள்.

“பேசுங்க. காதுக்குள்ள ஒரு அடைப்பு, மேல ஒரு மூடி.”

ஒருவர் சுடுவார். அறுநூறு கஜத்துக்கு அப்பால் குழியில் இருப்பவர்கள் இலக்கை இறக்கி, துளையில் வட்டு பொருத்தி மேலே ஏற்றுவார்கள். மற்றவர் தொலைநோக்கியில் பார்த்துப் புள்ளியைச் சொல்லி எழுதுவார். ஆளுக்குப் பத்துத் தோட்டா, ஒன்றுக்கு ஐந்து புள்ளி வரை; பிறகு முறை மாறும். லைல் எண்களைச் செதுக்கியதுபோல் எழுதினான். ஐந்து, ஐந்து, ஐந்து. ரோஸ்லின் சுட்டதெல்லாம் ஐந்தாகவே வந்துகொண்டிருந்தது. ஆறாவது தோட்டாவுக்குப் பிறகு அவள் பேச்சு நின்றுவிட்டது. லைல் எட்டாவது தோட்டாவில் ஒரு காற்றுத் திருப்பத்தைக் கோட்டைவிட்டான். கொடிகள் எல்லாம் வலப்பக்கம் இருக்க, கானல் மட்டும் நின்றுபோயிருந்தது. அதைக் கண்டும் விரல் முந்திவிட்டது. இரண்டு புள்ளிதான்.

“ஐயோ,” என்றாள் ரோஸ்லின்.

“காத்து சொல்லிச்சு. நான் கேக்கல,” என்றான் அவன்.

கடைசித் தோட்டாவில் ஒரு நான்கு; ஆக லைல் நாற்பத்தாறு. ரோஸ்லின் ஐம்பதுக்கு ஐம்பது. எழுந்து உட்கார்ந்தவள் அட்டையில் இருந்த ஐந்துகளை விரல் வைத்து எண்ணினாள். “இருபத்திரண்டு வருஷமாச் சுடறேன். ஒரு தடவைகூட முழுசா வந்ததில்ல. லைல், சீக்கிரம் பேரு எழுதிக் குடுங்க, இத நான் ஃப்ரேம் போட்டு மாட்டணும்.” லைலின் அட்டையில் தன் பெயரை ஒரே வீச்சில் எழுதி முடித்திருந்தாள்.

மைதான அதிகாரி அட்டைகளைச் சேகரித்துக்கொண்டு வரிசையில் வந்தார். “எழுதினவங்க முழுப் பேரு இருக்கா பாத்துக்கங்க! இல்லேன்னா செல்லாது!”

லைலின் கை சட்டைப்பைக்குப் போனது. கண்ணாடியைத் தேடுகிறவன் கை போகும் இடம் அது. வெர்னாவுக்கு அந்த அசைவு மனப்பாடம். அடுத்து வரப்போகும் வாக்கியமும் மனப்பாடம். அதைச் சொல்லிவிட்டால் வெளியே போகப்போவது அவனுடைய நாற்பத்தாறு அல்ல, அந்தப் பெண்ணுடைய ஐம்பது. கயிற்றைத் தாண்டிப் போகலாமா என்று ஒரு காலை எடுத்தவள், அப்படியே நின்றாள்.

அவன் பையிலிருந்து துப்பாக்கி உரிம அட்டையை எடுத்தான். அதில் அவன் பெயர் அச்சடித்திருந்தது. அதைப் பாயின் தலைமாட்டில் வைத்தான். பிறகு உட்கார்ந்திருந்தவன் மறுபடியும் குப்புறப் படுத்து, கால்களை அகட்டி, இரண்டு முழங்கைகளையும் ரப்பர்மேல் ஊன்றிக்கொண்டான்.

“என்னய்யா, ரெண்டாவது சுத்தா?” என்றார் அதிகாரி.

“இருங்களேன். என்ன அவசரம்?” என்றாள் ரோஸ்லின். அவள் அட்டையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடுத்த குழு காத்திருக்கு.”

வரிசையின் மறுகோடியிலிருந்து மெர்வின் குரல் வந்தது. “காத்திருக்கட்டும்!”

லைல் உரிம அட்டையைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், மறுபடியும் உரிம அட்டையைப் பார்த்தான். பாதி மூச்சை வெளியே விட்டு நிறுத்தி, முதல் எழுத்தை எழுதினான். பென்சிலை எடுத்தான், மூச்சு வாங்கினான், அடுத்ததை எழுதினான். மூன்றாவது எழுத்தில் காற்று தாளின் மூலையைத் தூக்கியது. சுட்டு முடிந்த தோட்டா உறைகள் இரண்டை எடுத்து மூலைக்கொன்றாக வைத்துவிட்டு, காற்று அடங்கும்வரை காத்திருந்தான். லைல் பாஸ்கோ, அவர்கள் மொழியில் பத்து எழுத்து. ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தரையில் ஊன்றி நின்றது. கடைசி எழுத்தின் நடுக்கோட்டை இழுத்துவிட்டு, மை காய ஊதுவதுபோல் பென்சில் எழுத்தின்மேல் ஒருமுறை ஊதினான்.

அதிகாரி அட்டையை வாங்கிச் சத்தமாகப் படித்தார். “லைல் பாஸ்கோ.”

“நாந்தான்,” என்றான் அவன், பாயிலிருந்து எழாமலே.

கயிற்றுக்குப் பின்னால் வெர்னா கைப்பையைத் திறந்து எடைமேடைக் காலத்துச் சின்னக் குறிப்பேட்டை எடுத்தாள். தம்பியின் நாற்பத்தாறையும் எழுதவில்லை, ரோஸ்லினின் ஐம்பதையும் எழுதவில்லை. புதுப் பக்கம் ஒன்றைப் புரட்டி, அதன் நடுவில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்: 2011 செப்டம்பர் 17, சனிக்கிழமை.