நாற்பது மெகாஹெர்ட்ஸும் ஏழுமலையின் மதகுச் சாவியும்

வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. ஆகவே:

1. மதகடியில் வைத்த தகரப் பெட்டி.
2. கடிகார வேகத்தில் நான் செய்த பிழை.
3. பிழை தெரிந்ததும் போய் ஒப்புக்கொண்டது.

தொட்டால் சுடும் தகரம்... உள்ளே சூடேறிய பிளாஸ்டிக் வாசனை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். உத்திரமேரூர்ப் பக்கம் ஓர் ஏரி. மதகைத் தாண்டி வாய்க்காலில் ஓடும் தண்ணீரின் உயரத்தை மணிக்கொரு முறை பதியும் பெட்டி அது. பதிவைச் சேமிக்க அதிலிருந்த ஃபிளாஷ் மெமரி சிப்புக்கு டிரைவர், அதாவது சிப்பைப் படிக்கும் நிரல், எழுதியவன் நான்.

பிராசஸர் தாளம் தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் சிப் ஒரு பிட் கொடுக்கும். தாளம் மிஞ்சினால், சிப் சொல்லி முடிப்பதற்குள் பிராசஸர் எதையோ எடுத்துக்கொண்டுவிடும். சிப் கம்பெனி தந்த விவரக் குறிப்பின் முதல் பக்கத்தில், தாளத்தின் உச்ச வேகம் ஐம்பது மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தது. நான் பயந்தவன், நாற்பதில் வைத்தேன். ஏசி அறையில் ஒரு வாரம் ஓடியது. பிழையே இல்லை.

செவ்வாய்க்கிழமை, பங்குனி வெயில் உச்சியில், லேப்டாப்பை மாட்டிப் பதிவை எடுத்தேன். ஞாயிறன்று மூன்று மணி நேரம் அரையடித் தண்ணீர் ஓடியதாகக் காட்டியது. ஞாயிறு யாருக்கும் தண்ணீர் முறை இல்லாத நாள்.

பாசனச் சங்கத் தலைவர், மதகு பார்க்கும் ஏழுமலை பக்கம் திரும்பினார்.

“இன்னா ஏழுமல, யார் நெலத்துக்குத் தொறந்த?”

“நா தொறக்கவே இல்ல நைனா. இந்த மிஷினுதான் வெயில்ல நின்னுக்கினு தல சுத்திப் போய்க் கீது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

“மிஷினு பொய் சொல்லுமா? சாவிய இப்டி குடு.”

இருபது வருடமாக இடுப்பில் இருந்த சாவியை ஏழுமலை அவிழ்த்துக் கொடுத்தார்...

அன்று மாலை லாட்ஜில் விவரக் குறிப்பை மறுபடி படித்தேன். உள்ளே ஓர் அட்டவணையின் அடியில், சிறிய எழுத்தில்: சாதாரண வாசிப்புக் கட்டளைக்கு இருபது மெகாஹெர்ட்ஸ்தான். ஐம்பது என்பது வேக வாசிப்புக்கு. அதற்குக் கட்டளையே வேறு. நான் பயன்படுத்தியது சாதாரணக் கட்டளை. குளிர்ந்த அறையில் தாங்கிய சிப், வெயிலில் தடுமாறியிருக்கிறது.

பெட்டியிலிருந்து கையோடு கழற்றி வந்திருந்த பலகையில், வேகத்தைப் பத்தாகக் குறைத்து அதே சிப்பைப் படித்தேன். ஞாயிறு முழுக்கப் பூஜ்யம்.

வியாழன் காலை ஏரிக்கரையில், பிழை என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். தலைவர் ஏழுமலையிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

“அப்போ நான் சொன்னது சரிதான? எப்ப சார் தெரிஞ்சுது?” என்றார் ஏழுமலை.

“இன்னிக்குக் காலைலதான்.”

“பாவம், தெரிஞ்ச ஒடனே பஸ் புட்ச்சி வந்துட்டீங்க. நாஷ்டா துன்னீங்களா?”

இன்றைய சிப்புகள் தங்கள் வேகத்தைத் தாங்களே சொல்லிவிடுகின்றன. டிரைவர் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. இப்போது அந்த வேலை செய்பவர்களைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைதான்...

எழுதியதைத் திரும்பப் படித்தேன். மூன்றாவது குறிப்பு தவறு. செவ்வாய் மாலையே எனக்குத் தெரியும். கம்பெனியில் என்ன சொல்வார்களோ என்று புதன்கிழமை முழுவதும் லாட்ஜிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு நாள் ஊரில் ஏழுமலை திருடன்.