பூஜ்யத்தால் வகுக்க முடியாத அத்தை

மனிதர்களைப் புள்ளிகளாகவும் அவர்களின் பழக்கத்தைக் கோடுகளாகவும் வரைந்து, யார் சொல்லை யார் கேட்கிறார்கள் என்று கணக்குப் போடுவது எங்கள் பேராசிரியரின் தொழில். பக்கத்து அறைக்காரரின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. அவரிடம்தான் ஆராய்ச்சி உதவியாளராகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை அவர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருவையே தேர்ந்தெடுத்தார். பெண்களுக்கான இலவச மார்பகப் பரிசோதனை முகாம் பற்றிச் சிலரிடம் மட்டும் சொல்வது, அது யார் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று பார்ப்பது, இதுதான் திட்டம். முதலில் டேப்லெட்டோடு ஆட்கள் வீடுவீடாகப் போனார்கள். யாரோடு பேசுவீர்கள்? உடம்புக்கு முடியவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்? யார் வீட்டில் சர்க்கரை கேட்பீர்கள்?

வந்த படத்தில் என் அம்மா தெருவிலேயே பெரிய புள்ளி. ஒட்டிய வீட்டில் தனியாக இருக்கும் அத்தை, அப்பாவின் தங்கை, ஒரு கோடும் இல்லாத புள்ளி. எனக்கு மஞ்சள் நீராட்டியபோது அத்தை கொண்டுவந்த புடவையைப் பார்த்து அம்மா, "ஒரே தொவையல்ல சாயம் போயிடும்" என்றாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. பிறகு அத்தை தெருவிலும் ஒவ்வொருவராகச் சண்டை போட்டு ஓய்ந்தாள்.

பேராசிரியர் அத்தையைத் தரவிலிருந்து தூக்கிவிட்டார். அவருடைய சூத்திரம் தொடர்புகளின் எண்ணிக்கையால் வகுப்பது; தொடர்பே இல்லாதவரை வைத்தால் பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வருமாம். சூத்திரத்துக்கு வயிற்றுவலி என்றால் ஆளை வெட்டிவிடுவது என்ன வைத்தியமோ! தேர்ந்தெடுத்த சிலரில் அம்மாவும் ஒருத்தி. ஊழியர்கள் யாரும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் சோதனை கெட்டுவிடும் என்று எங்களுக்கு உத்தரவு.

முகாம் செய்தி கேட்ட அன்று அம்மா அத்தை வீட்டுப் பக்கம் கையைக் காட்டி என்னிடம் சொன்னாள்: "அவளுக்கு அக்குள்கிட்ட கட்டி இருக்குடி. வலது கையத் தூக்க முடியல. எடது கையாலதான் கொடத்த எடுக்கறா." எதிரியை அவ்வளவு கூர்ந்து பார்க்க எந்தச் சிநேகிதிக்கு நேரம் இருக்கிறது?

உத்தரவாவது மண்ணாங்கட்டியாவது என்று அத்தை வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லத் தொடங்குவதற்குள், "உங்கம்மா அனுப்பினாளா? உங்க வூட்டு சகவாசமே வோணாம்" என்று முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாள். இரண்டுமே வீம்பு பிடித்த ஜென்மங்கள். ஒரு புடவைக்காக அத்தை உயிரையே விடத் தயாராக இருந்தாள்.

மறுநாள் காலை அத்தை வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அம்மா வெளியே வந்து, படுத்திருந்த தெருநாயைப் பார்த்து ஆரம்பித்தாள்.

"ஏய், உன்னத்தான்! ஞாயித்துக்கெழம மார்க்கெட் பக்கத்து மண்டபத்துல லேடி டாக்டருங்க ஃப்ரீயா பாக்கறாங்களாம். கட்டிய மறைச்சி வெச்சிக்கினு வீம்புல சாவறவ சாவட்டும். எனக்கின்னா?"

நாய் எழுந்து போய்விட்டது. அத்தை தன் பக்கெட்டைப் பார்த்துச் சொன்னாள்: "கண்டதெல்லாம் எனக்கு புத்தி சொல்லுது. காலக் கொடும!"

ஞாயிற்றுக்கிழமை முகாம் வரிசையில் முதல் ஆளாக அத்தை நின்றாள். கட்டி புற்றுதான், ஆனால் பரவவில்லை என்றார்கள். அறுவை சிகிச்சையும் நடந்தது.

அலுவலகத்தில் பேராசிரியர் முகாமுக்கு வந்தவர்களின் பெயர்களைப் பார்த்துப் புருவம் சுருக்கினார். கோடே இல்லாத இந்தப் பெண்ணுக்கு யார் சொன்னது என்றார். "அவங்க எதிரி" என்றேன். அதற்குத் தரவில் இடமில்லை, அளவீட்டுப் பிழையாக இருக்கும் என்று அத்தையை இரண்டாம் முறையும் நீக்கினார். நட்பு தோற்ற இடத்தில் பகை ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. இந்த மேதைக்கு அது பிழை. அவருடைய படிப்பின் மேல் எனக்கிருந்த கடைசி மரியாதையும் அந்த அறையிலேயே போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பல நாள் அத்தை வீட்டில் சத்தமே இல்லை. அம்மா எதையாவது சாக்கிட்டுச் சுவரோரமே நின்றாள். ஒருநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "விடிஞ்சா போதும், மூதேவிங்க பாத்திரத்த உருட்ட ஆரம்பிச்சிடுதுங்க!" என்று குரல் வந்தது. அம்மா உள்ளே வந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொரல்ல தெம்பு வந்துடுச்சிடி" என்றாள்.