தம்பி போட்டுத் தந்த பாலிசி

என் பெயரில் ஆயுள் காப்பீடு போட்டது என் தம்பி. கோவில்பத்தில் இருக்கிறான், ஒரு தனியார் கம்பெனிக்கு ஏஜென்ட். அக்கா வீட்டிலேயே ஒரு பாலிசி பிடிக்காதவன் ஊரில் என்ன பிடிக்கப் போகிறான் என்று கிண்டல் செய்து, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னதே என் வீட்டுக்காரர்தான். எங்கள் கோட்டுச்சேரி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "அக்கா, இது வருசா வருசம் கட்டணும். நடுவுல விட்டா நட்டம். நல்லா யோசிச்சுக்க" என்று தம்பி திரும்பத் திரும்பச் சொன்னான். நான் காபி ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டேன்.

அடுத்த வருடம் எங்கள் பெரிய பெண்ணுக்குப் புதுச்சேரியில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. பீஸ் கட்டப் பணம் இடித்தது. பாலிசியை ரத்து செய்து, கட்டியதைத் திரும்ப வாங்கிவிடலாம் என்றார் அவர். தம்பிக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னார். எழுதிக் கேட்டோம். ஒரு வருடம்தானே கட்டியிருக்கிறீர்கள், ரத்து செய்யும் கெடுவும் தாண்டிவிட்டது, எதுவும் திரும்ப வராது என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. அவர் விடுகிற ஆளா? எங்கோ விசாரித்துக்கொண்டு வந்தார். ஏஜென்ட் தவறாகச் சொல்லி விற்றுவிட்டார் என்று புகார் கொடுத்தால் முழுப் பணமும் கிடைக்குமாம்.

"தம்பிக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"சும்மா பேப்பருக்குத்தான். கம்பெனிப் பணம்தானே, அவன் வீட்டுப் பணமா?"

இந்தப் பதில் எனக்கும் வசதியாக இருந்தது. புகார் என் பெயரில் போனது.

சில வாரங்கள் கழித்துக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பேசுவது பதிவாகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். "ஒரே ஒரு தடவை கட்டினா போதும்னு ஏஜென்ட் சொன்னாருங்களா மேடம்?" என் வீட்டுக்காரர் எதிரே நின்று தலையை ஆட்டினார். "ஆமாங்க" என்றேன். "நல்லா ஞாபகம் இருக்குங்களா?" என்றாள். "நல்லா இருக்குங்க" என்றேன். முதல் பதில் அவர் சொல்லிக் கொடுத்தது. இரண்டாவது நானாகச் சொன்னது. அந்த நாக்கைப் பிடுங்கிப் போட்டால் என்ன என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

பணம் முழுதாக வந்தது. பீஸ் கட்டினோம். அதன் பிறகு தம்பி போன் செய்தால் எடுக்க எனக்குக் கை வரவில்லை.

பொங்கலுக்கு முன்பு, எப்போதும்போல, சீர் கொண்டுவந்தான். வண்டிச் சத்தம் கேட்டதும் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன், திருடி மாதிரி. அவனே தேடிக்கொண்டு வந்தான். என்னைக் கூடத்துக்குக் கூட்டிப்போய், கரும்பைச் சுவரில் சார்த்திவிட்டு, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, புடவை எல்லாவற்றையும் தட்டில் எடுத்து வைத்தான்.

"இந்த வருசம் புடவை சுமாராத்தான் எடுத்தேன். கோச்சுக்காதக்கா."

"வேலையெல்லாம் எப்படிப் போவுது?"

"ஏஜென்சி போயிடுச்சுக்கா. மளிகைக் கடையில நிக்கிறேன்."

அவனே சொன்னான். "என்னையும் கூப்பிட்டு விசாரிச்சாங்க. நீ பேசுனதைப் போட்டுக் காட்டுனாங்க. அக்கா சொல்றது சரிதான், நான்தான் அப்படிச் சொல்லி வித்தேன்னு எழுதிக் குடுத்துட்டேன். இல்லாட்டி நீ பொய் சொன்னதா ஆயிருக்கும்ல."

குத்திக்காட்டவில்லை. கோபத்தில் கத்தியிருந்தால்கூட நான் பதிலுக்கு அழுதிருப்பேன். நாங்கள் போராடி வாங்கியதாக நினைத்த பணம், அவன் எழுதிக் கொடுத்ததால் வந்தது.

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையே நிமிரவில்லை. தம்பி தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, வருடா வருடம் செய்வதுபோல என் காலில் விழுந்தான். மூத்தவள் நான். திருநீறு பூசி, நல்லா இருடா என்று சொல்ல வேண்டும். திருநீற்றை எடுத்துவிட்டேன், வாய்தான் வரவில்லை. அவன் எழுந்து நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"என்னக்கா, பூசி விடு. கடைக்கு நேரமாவுது."

பூசிவிட்டேன்.