நின்றபடியே வாங்கிய ஸ்டீல் கிட்டார்

ஆனி 22, காலை 10.40 மணி. தென்காசியில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஸ்டீல் கிட்டார் வாசிப்பதை விட்டு முப்பத்தொரு வருடம் கழித்து, மறுபடி வாசிக்கும் ஆசையில் செங்கோட்டைக்குப் புறப்பட்டேன். துபாயிலிருந்து திரும்பிய பாய் ஒருவர் தன் பெடல் ஸ்டீல் கிட்டாரை விற்பதாகச் சொல்லியிருந்தார். மேசைபோல் நிற்கும் அதன்முன் உட்கார்ந்து, பாதத்தால் பெடல்களையும் முழங்காலால் பக்கவாட்டு லீவர்களையும் தள்ளி வாசிக்க வேண்டும்.

கம்பி பத்து, பெடல் மூன்று, லீவர் நான்கு. எண்ணிச் சரிபார்த்தேன்.

"உக்காந்து வாசிச்சுப் பாருங்க அண்ணாச்சி" என்றார் பாய். ஸ்டூல் தாழ்வாக இருந்தது. எனக்கு இடது முழங்கால் மூட்டு மாற்றி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. எழும்போது அவர் கைகொடுக்க வேண்டியிருக்குமே என்று வெட்கப்பட்டு, வேண்டாம் என்று சொல்லி, நின்றபடியே பணம் கொடுத்து வாங்கிவந்தேன்.

வீட்டில் வாசித்த நான்காவது நிமிடம், லீவரைத் தள்ளிய இடது முழங்கால் சுரீரென்றது. காலை ஊன்ற முடியவில்லை.

"ஏங்க, மாத்தி வச்ச மூட்டு வெலகிட்டோ?" என்று மனைவி அழுதாள். எக்ஸ்ரே வரும்வரை, இனி நடப்பேனா என்றே தெரியவில்லை. நல்லவேளை, வெறும் தசைப்பிடிப்புதான்.

விஷயம் கேட்டு வந்த பாய், இடது முழங்காலுக்கான லீவர்கள் இரண்டையும் கழற்றினார். "எல்லாத்தையும் எண்ணுனீய, முட்டு ஆபரேசனை மட்டும் சொல்லலையே! இனி எண்ணுததுக்கு ரெண்டு கொறைவு."

மிச்சமிருப்பதை வைத்துத் தினமும் இருபது நிமிடம் வாசிக்கிறேன். எங்கே போனாலும் முதலில் முழங்காலைப் பற்றிச் சொல்லி, உயரமான நாற்காலி கேட்டு வாங்கி உட்காருகிறேன். மருத்துவர், எக்ஸ்ரே, மாத்திரை, ஆட்டோ எல்லாம் சேர்த்து அன்றைய வெட்கத்துக்கு ஆன செலவு 3,260 ரூபாய்.