பானெட்டில் ஒட்டிய பாதுகாப்பு

எனக்கு மூளை உண்டு. ஆனால் கூப்பிடும்போது வராது. காரியம் கெட்ட பிறகு வந்து கைகட்டி நிற்கும். இல்லாவிட்டால், தானாகவே ஒட்டிக்கொள்ளக்கூடிய ஒரு ஸ்டிக்கருக்கு அடியில் பஞ்சர் கடை சொல்யூஷனையும் தடவி, அதை மச்சானுடைய வெள்ளைக் காரின் பானெட்டில் ஒட்டியிருப்பேனா?

தொண்ணூறுகளில், காவிரித் தண்ணீர்த் தகராறு சூடாக இருந்த ஒரு மாதம். ஜோகுபாளையத்தில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். மனைவிக்கு ஏழாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. தங்கை பஸ்ஸில் அலையக் கூடாதென்று அவளுடைய அண்ணன் கிருஷ்ணகிரியிலிருந்து தன் காரைக் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தார். கன்னட ஊரில் தமிழ்நாட்டு நம்பர். வீதியில் நாலு பைக் சேர்ந்து போனாலே நான் ஜன்னலுக்கு ஓடுவேன். பழைய போர்வையைப் போட்டு மூடிவிடலாமே என்றாள் மனைவி. சுலபமான யோசனை, அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. அல்சூர் மார்க்கெட் பக்கம் கன்னடக் கொடி ஸ்டிக்கர் விற்றுக்கொண்டிருந்தார்கள், சிவப்பும் மஞ்சளுமாக. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒன்று வாங்கினேன். மழையில் உரிந்து விழுந்துவிட்டால் எங்கள் உயிருக்கு யார் பொறுப்பு? அதற்குத்தான் சொல்யூஷன்.

ஊர் அடங்கியது. ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் வளைகாப்பு என்று முடிவானது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: இந்தக் கொடியோடு அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டுப் பக்கத்து ஆட்கள் சும்மா விடுவார்களா? அதுவும் வயிற்றுப்பிள்ளைக்காரியை உட்கார வைத்துக்கொண்டு. பயம் அதேதான், திசைதான் மாறியிருந்தது.

கீழ் வீட்டில் இருந்த ஓனர் கன்னடக்காரர், ரிட்டயர் ஆனவர். தமிழ் நன்றாகவே வரும், பேச்சுதான் அதிகம் வராது. அவர் கண்ணெதிரே கொடியை உரிக்க எனக்குத் தைரியமில்லை. தினமும் காலையில் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு, பால் பாக்கெட்டோடு திரும்புவார். அதற்குள் முடித்துவிட வேண்டும்.

ஞாயிறு விடிந்ததும் அவர் கேட்டைத் தாண்டினாரோ இல்லையோ, நான் பானெட்டின் மேல் கவிழ்ந்தேன். மேல்தாள் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. பசை வரவில்லை. விரலால் தேய்த்தேன், தூசியும் அழுக்கும் அதில் ஏறி, கொடி போன இடத்தில் கொடியின் வடிவம் முன்னைவிடத் தெளிவாகக் கறுப்பாகத் தெரிந்தது. வெந்நீர் ஊற்றினேன், அசையவில்லை. மண்ணெண்ணெய் போட்டேன், கரைவதற்குப் பதில் அகலமானது. நகச்சாயம் அழிக்கும் தண்ணீரைத் தொட்டு வைத்தேன். கட்டைவிரல் அளவுக்குப் பசையும் போனது, கூடவே பெயிண்டின் பளபளப்பும் போனது. கேட்டைப் பார்ப்பதும் தேய்ப்பதுமாக இருந்தேன். பேப்பர்காரன் சைக்கிள் மணி அடித்ததற்கே துணியைக் கீழே போட்டுவிட்டு, டயரில் காற்று பார்ப்பவன் போல உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் கை தானாக பிளேடைத் தேடியது.

"அண்ணன் பெயிண்ட்டையும் சேத்து சுரண்டிடுங்க. அப்புறம் ரெண்டு பேரும் நடந்தே போவலாம்," என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மெல்ல இறங்கி வந்தாள். மறு கையில் தலைக்குத் தடவும் தேங்காயெண்ணெய். பசையின் மேல் தாராளமாக ஊற்றித் துணியைப் போட்டு மூடினாள். தான் காபி குடித்து முடிக்கிற வரைக்கும் தொடக் கூடாது என்றாள். என்னால் முடியுமா? நிமிஷத்துக்கொரு தரம் துணியைத் தூக்கினேன்.

"தோசையத் திருப்பிப் பாக்கற மாதிரி பாக்காதீங்க. ஊறட்டும்."

ஊறியது. துடைக்கத் துடைக்கப் பசை திரிதிரியாக உருண்டு வந்தது. ஒரே ஒரு மூலைதான் பாக்கி. அப்போது கேட் கிறீச்சிட்டது.

பால் பாக்கெட்டோடு ஓனர். "ஏனு சார், காலையிலேயே?"

அவ்வளவுதான் கேட்டார். நான் கொட்டித் தீர்த்துவிட்டேன். வெயிலில் கொடி வெளுத்துவிட்டது, அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கப் போகிறேன், நான் குடிக்கிற தண்ணீர் இந்த ஊர்த் தண்ணீர், பிறக்கப்போகிற பிள்ளைக்கு முதல் பாடமே கன்னடம்தான் என்றெல்லாம். எண்ணெய் வழியும் கையை நெஞ்சில் வேறு வைத்துக்கொண்டேன். மனைவி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள், முதுகு குலுங்கியது.

அவர் குனிந்து பானெட்டைப் பார்த்தார். சுற்றிலும் தூசியில் மங்கியிருக்க, கொடி இருந்த இடம் மட்டும் புது வெள்ளையாக இருந்தது. நிமிர்ந்து தன் வாசலை நோக்கி நடந்தார். ஊரிலிருந்து திரும்பி வரும்போது நமக்கு இந்த வீடு இருக்குமா?

பின்னாலேயே ஓடினேன். "சார், கொடிய எடுத்துட்டேன்னு மனசுல எதுவும் வச்சுக்கலையே?"

செருப்பைக் கழற்றிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்:

"மஞ்சள் மேல வரணும் சார், நீங்க தலைகீழா ஒட்டியிருந்தீங்க."