பேயிடம் கேள்வி கேட்ட ஜெபமணி அக்கா

"அம்மா காலையில தவறிட்டாவ, சித்தி" என்று ராஜபாளையத்திலிருந்து ஜெபமணி அக்காவின் மகள் போனில் சொன்னாள். முந்தைய வாரம்தான் அக்காவோடு பேசியிருந்தேன். மூச்சு வாங்குகிறது என்றார். மற்றபடி டிவியில் பார்த்த ஒரு பேய்ப் படத்தைப் பற்றித்தான் பேச்சு. "இப்ப வர்ற பேயெல்லாம் ஒண்ணும் பேச மாட்டேங்குதுட்டி, சும்மா கத்துது" என்பது அவருடைய குறை. அதுவே கடைசிப் பேச்சு என்று தெரியாமல், குழம்பு அடிப்பிடிக்கிறது என்று நான் போனை வைத்துவிட்டேன்.

எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் மேட்னி பார்த்த பெண்களில் அக்காவை மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். எங்கள் தியேட்டரில் பெண்கள் பக்கத்து வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவர் அவர்தான். பெண்கள் கவுண்டரில் டிக்கெட் கொடுத்தவள் நான். அவர் கணவர் மில்லில் வேலை பார்த்து இளம் வயதிலேயே காலமானவர். மகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு அக்கா தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வெளிர் நிறச் சேலை, இடுப்பில் செருகிய டார்ச் லைட், பால்குடிப் பிள்ளைக்காரிகளுக்கு என்று கதவோரத்தில் அவர் பிடித்து வைத்திருக்கும் நான்கு நாற்காலிகள். இவையெல்லாம் இதை வாசிக்கிற பலருக்கும் ஞாபகம் வரும்.

பேய்ப் படம் வந்தால் எங்கள் மேட்னி நிரம்பி வழியும். சமையல் முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, மடவார் வளாகம் தெருக்களிலிருந்து கூட்டமாக நடந்தே வருவார்கள். வெள்ளைச் சேலையும் சலங்கை ஒலியுமாகப் பேய் வரும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார்கள். கடைசியில் அம்மன் சூலத்தோடு வரும்போது சிலருக்குச் சாமி வந்துவிடும். அக்கா தண்ணீர்ச் செம்போடு ஓடுவார். இங்கிலீஷ் பேய்ப் படம் வந்தால் சூலம் இருந்த இடத்தில் சிலுவை இருக்கும், அவ்வளவுதான். ஒரே படத்தை ஐம்பது தடவை பார்த்த அக்கா ஒருநாள் இடைவேளையில் என்னிடம் சொன்னார்: "எல்லாப் படத்துலயும் ரெண்டு பொம்பளைய. பொட்டு வச்சு விளக்கேத்துறவ பொழைச்சுக்கிடுதா. முடிய விரிச்சுப் போட்டவ எரிஞ்சு போறா. ரெண்டு பேரையும் ஏமாத்துனவன் கடைசியில கோயில் வாசல்ல மாலையோட நிக்கான். நீ வேணா பாரு."

அன்று இரண்டாம் பாதியைக் கவனமாகப் பார்த்தேன். அப்படித்தான் நின்றான்.

அக்கா போகிற சர்ச் சபையில் அவருக்குச் சங்கடம் இருந்தது. பேய்ப் படம் போடுகிற இடத்தில் விசுவாசி ஒருத்தி வேலை பார்க்கலாமா என்று சபைப் போதகரான ஐயர் வீட்டுக்கே வந்து கேட்டாராம். "ஐயரே, பேயைப் பாக்க யாரும் வரல. அது பேயாகுததுக்கு முன்னால அந்தப் பொண்ணுக்கு என்ன நடந்துச்சுன்னு பாக்கத்தான் வாராவ" என்று பதில் சொன்னதாக அக்கா என்னிடம் சொன்னார். ஐயர் காப்பியைக் குடித்துவிட்டு ஜெபம் பண்ணிவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இனி செண்பகத்தின் கதை. அது அவளுடைய உண்மையான பெயர் இல்லை.

செண்பகம் என் தெருக்காரி. அப்போது பத்தொன்பது வயது. அவளைத் தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுக்க முடிவு செய்திருந்தார்கள். மாமனுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. முதல் மனைவி அடுப்படியில் தீப்பிடித்துச் செத்துப்போயிருந்தாள். ஸ்டவ் வெடித்தது என்றார்கள். தெருவில் வேறு மாதிரியும் பேசினார்கள். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது செண்பகம் சாப்பாட்டைத் தள்ளினாள், தலைமுடியை முடிய மறுத்தாள், ஒருநாள் தன் தாயையே "யார் நீ?" என்று கேட்டாள். செத்தவள் இவளைப் பிடித்துக்கொண்டாள் என்று வீட்டில் முடிவு கட்டி, ஞாயிற்றுக்கிழமை காலை பேயோட்டும் கோடாங்கியை வரச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை மேட்னியில் இதை அக்காவிடம் சொன்னேன். அவர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு, "அந்த ரெட்டைச் சடைப் புள்ளையா?" என்றார். 

மறுநாள் ஆராதனை முடிந்த கையோடு, வேதப்புத்தகப் பையைத் தோளில் போட்டபடியே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். இருவரும் போனோம். முற்றத்தில் உடுக்கைச் சத்தம். செண்பகம் நடுவில் உட்கார்ந்திருந்தாள். வேப்பிலை அடி முடிந்து, கோடாங்கி கையில் பிரம்பை எடுத்திருந்தார். அவள் புறங்கையில் ஏற்கெனவே ஒரு தடிப்பு இருந்தது.

செண்பகத்தின் அம்மா வழிமறித்தாள். "நீங்க வேதக்காரவிய. இதுக்குள்ள வரப்படாது."

"நான் சாமி காரியத்துக்கு வரலம்மா. தியேட்டர்ல பழகுன புள்ள. செத்த நேரம் பாத்துட்டுப் போயிருதேன்."

சொல்லிக்கொண்டே உள்ளே போய், பிரம்புக்கும் அவளுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டார். 

"ஐயா, அடிக்கதுக்கு முன்னால என்ன வேணும்னு கேட்டியளா?" என்றார் கோடாங்கியிடம்.

"கேட்டா பொய் சொல்லும்."

"சொல்லட்டுமே. பொய்யவாது கேப்போம்."

பிறகு அவள் பக்கம் திரும்பி, "உனக்கு என்ன வேணும், தாயி?" என்றார்.  கோடாங்கி உடுக்கையை எடுக்கப் போனார். அக்கா கையை மட்டும் உயர்த்தினார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. செண்பகம் தலையை நிமிர்த்தினாள். வாசல்படியில் நின்ற மாமனைப் பார்த்து, "என்னைக் கொளுத்துன கையால இன்னொருத்திக்குத் தாலி கட்டப் போறியா?" என்றாள்.

அந்த ஆள் முகம் வெளுத்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைத் துடைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. செண்பகத்தின் அம்மா சுவரில் சாய்ந்தபடியே கீழே சரிந்து உட்கார்ந்தாள். கோடாங்கியும் உலகம் தெரிந்த மனிதர்தான். "அது கேட்டதைக் குடுத்துட்டா மலையேறிரும். கல்யாணத்தை நிறுத்திருங்க" என்று சொல்லிப் பிரம்பைப் பைக்குள் வைத்தார்.

மேட்னிக்கு நேரமாகிவிட்டது. வேகமாக நடந்தோம்.  "அக்கா, நெசமாவே அவதான் வந்தாளா?" என்றேன்.

அக்கா சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "போன மாசம் ஓடுச்சுல்லா அந்தப் படம், அதுல இடைவேளைக்குப் பொறவு வார வசனம்ட்டி. இந்தப் புள்ள அஞ்சு தடவ வந்து பாத்தா. ஒரு வார்த்தை மாத்தல."

"அப்ப எல்லாம் நடிப்பா?"

"வசனம்தான் சினிமாவோடது. பயம் அவளோடது. அவ வேண்டாம்னு சொன்னா யாரு கேப்பா? செத்தவ சொன்னா கேக்காவ." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். பொய்க்குத் துணைபோனோமே என்று அவருக்குள் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். தியேட்டர் வாசலை நெருங்கும்போது தானாகவே சொன்னார்: "பொய்ச்சாட்சி சொல்லப்படாதுன்னு வேதத்துல இருக்கு. நான் சாட்சி எங்க சொன்னேன்? கேள்விதான கேட்டேன்."

அந்த மாமன் குற்றம் செய்தாரா இல்லையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. கல்யாணம் நின்றுபோய், செண்பகம் அடுத்த வருடம் டீச்சர் டிரெய்னிங்கில் சேர்ந்தாள். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தியேட்டர் மூடப்பட்டது. அக்கா ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாகச் சேர்ந்தார். நான் கல்யாணமாகிப் பிள்ளைகுட்டி என்று ஆனேன். மாதம் ஒரு தடவையாவது பேசிக்கொண்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் இருவரும் வாயைத் திறந்ததில்லை.

அக்காவின் அடக்கத்துக்குப் போயிருந்தபோது கல்லறைத் தோட்டத்தில் நரைத்த தலையோடு ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். செண்பகம். தளவாய்புரம் பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறாளாம். குனிந்து ஒரு பிடி மண் போட்டாள். பிறகு, "அக்காவுக்கு அன்னைக்கே தெரியும், என்ன?" என்றாள்.

"தெரியும்."

"எனக்கும் தெரியும், அவியளுக்குத் தெரியும்னு. கேட்டுட்டு என் கண்ணையே பாத்தாவ. சொல்லு, சொல்லுன்னு இருந்துச்சு. இல்லன்னா எனக்கு அந்த வசனம் வந்தே இருக்காது." அக்காவைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். "இதை எழுதுங்க. பேரை மட்டும் மாத்திருங்க."

எழுதிவிட்டேன்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். கோபத்தில் கத்துகிற மருமகளோ, சோற்றைத் தள்ளிவிட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிற பேத்தியோ, யாராக இருந்தாலும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என்ன வேணும் என்று கேட்கிறேன். கேட்பது சுலபமாக வந்துவிட்டது. பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.